சிக்கார் பாயின்ட்டுக்குச் சென்று வந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எடின்பரோவில் நிலவியல் முதுகலை படிக்கிறேன். 1788-இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் சென்று கண்ட, ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைமுனையான சிக்கார் பாயின்ட்டுக்குத் தோழியுடன் செல்ல விரும்புகிறேன். ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் சாம்பல் நிறச் சிலூரியன் காலப் பாறை அடுக்குகளின் மேல், அதற்குப் பிந்தைய டெவோனியன் காலச் செம்மணற்கல் லேசாகச் சாய்ந்து படிந்திருக்கும் அந்த இடத்தை, இரண்டுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்திருக்கும் அந்த எல்லைக்கோட்டை, தொட்டுப் பார்க்காமல் ஊர் திரும்ப எனக்கு மனமில்லை. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் சுத்தியல் எடுத்துச் செல்லவில்லை. கைலென்சும் குறிப்பேடும் போதும். கவலையெல்லாம் கரைக்கு இறங்கும் புல்சரிவைப் பற்றித்தான். மழை பெய்த மறுநாள் அதில் இறங்கலாமா, எத்தகைய காலணி பிடிப்புத் தரும், ஓதம் ஏறும்போது கீழே நிற்க இடம் இருக்குமா, அருகிலுள்ள கோபர்ன்ஸ்பாத் கிராமத்திலிருந்து நடந்தே செல்ல முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.