மில்லேயின் ஓவியத் தலைப்பு: ‘கதிர் பொறுக்கிகள்’ வேண்டுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே 1857இல் காட்சிக்கு வைத்த ‘Des glaneuses’ ஓவியத்துக்குத் தமிழ்த் தலைப்பாக இங்கே முன்மொழியப்பட்ட ‘கதிர் பொறுக்கிகள்’ என்ற பெயரை ஏற்கத் தயங்குகிறேன். இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் ‘பொறுக்கி’ இன்று வசைச்சொல். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களை எடுத்துக்கொள்வது பிரான்சில் ஏழைகளுக்கு வழக்கத்தால் வந்த உரிமை. முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் சிறுவருக்கும் அதை 1554ஆம் ஆண்டின் அரசாணையும் உறுதிசெய்திருந்தது.

படத்தில் முன்னால் மூன்று பெண்கள். இருவர் தரைவரை குனிந்திருக்க, மூன்றாமவர் பாதி நிமிர்ந்து நிற்கிறார். நீல முக்காடு அணிந்தவர், ஒரு கையால் தரையைத் துழாவியபடி, மறுகையை முதுகுப்புறம் மடித்து அதுவரை சேர்ந்த கதிர்களைப் பற்றியிருக்கிறார். அந்தக் கையை வரைய, வயல் வேலையை அருகிருந்து பார்த்திருக்க வேண்டும். தொலைவில் வைக்கோற்போர்கள், நிறைந்த வண்டி, வலப்பக்கக் கோடியில் குதிரைமேல் கண்காணி. முகங்கள் தெளிவாகத் தெரியாவிட்டாலும் உடல்களுக்குச் சிலைகளின் கனத்தை மில்லே கொடுத்திருக்கிறார். ஏழைகளும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்த 1848 புரட்சியை மறக்காத பாரிஸ் விமர்சகர்கள் சிலர் இதைக் கண்டு மிரண்டதில் வியப்பில்லை.

‘கதிர் சேகரிப்போர்’ என்றால் தபால்தலை சேகரிப்பவர்தான் நினைவுக்கு வருகிறார்; குனிவு காணாமற்போகிறது. ‘பொறுக்குநர்’ மரியாதையான சொல்தான், ஆனால் அனுப்புநர், பெறுநர் என்று அஞ்சல் உறை வாடை அடிக்கிறது. பிரெஞ்சுத் தலைப்பில் உள்ள பெண்பாலையும் அது மறைத்துவிடுகிறது.

‘பொறுக்கு’ என்ற வினையில் இழிவு இல்லை, பெயராக்கியதில்தான் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் ஏழைக் கைம்பெண்ணான ரூத் கதிர் பொறுக்குகிறாள்; அதைப் படிக்கும் எவருக்கும் அவள்மீது மதிப்பே தோன்றுகிறது. மில்லேயும் 1853இல் காட்சிப்படுத்திய ஓவியமொன்றில் அந்தக் கதையையே அறுவடைக்காரர்களின் ஓய்வு நேரமாக வரைந்தவர். ஆகவே தலைப்புக்குக் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’, வழக்கத்துக்குச் ‘சிந்துகதிர் பொறுக்கல்’, உரிமைக்குச் ‘சிந்துகதிர் உரிமை’ என்பன என் பரிந்துரை.

உழைப்பாளிகளைக் காட்டும் மற்ற பிரெஞ்சு ஓவியங்களில், கூர்பேயின் ‘கல்லுடைப்போர்’ என்ற தலைப்பு அப்படியே இருக்கட்டும். ஓவியர் கயிபோத் 1875இல் வரைந்ததற்குத் ‘தச்சர்கள்’ என்பது பொருந்தாது: படத்தில் உள்ளவர்கள் எதையும் செய்து பொருத்தவில்லை, மண்டியிட்டு ஏற்கெனவே போட்ட மரத்தளத்தைச் சுரண்டுகிறார்கள். ‘தளம் இழைப்பவர்கள்’ என்று வைக்கலாமா? தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.