மறு: ஒரு தளம் அமையாக் கோடுகள் – சின்னதாக ஒரு சொல்?

வணக்கம்.

நம் வடிவியல் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேர்வதில், புள்ளி, கோடு, தளம் மூன்றிலும் நமக்குள் சண்டை இல்லை. கதிர், கோட்டுத்துண்டு இரண்டும் பாடநூலில் ஊறிப்போனவை; இலங்கை நண்பர்கள் கோட்டுத்துண்டம் என்பார்கள், அதனால் யாரும் குழம்பப்போவதில்லை. தொடக்கநிலைக் கையேட்டில் இடிக்கிற இடம் ஒன்றுதான்: ஒன்றையொன்று வெட்டாத, இணையாகவும் இல்லாத இரு கோடுகளுக்கு (ஆங்கிலத்தில் skew lines) என்ன பெயர் வைப்பது?

> மேல்நிலை வகுப்பில் "ஒரு தளம் அமையாக் கோடுகள்" என்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம். எதற்குப் புதுச்சொல்?

நீளத்துக்காக மட்டும் கேட்கவில்லை ஐயா. அந்தப் பெயர் வேறொன்றையும் உள்ளே இழுத்துவிடுகிறது. ஒரு சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் மூன்று விளிம்புகள் கூடுகின்றன. மூன்றையும் சேர்த்து ஒரே தளத்தில் வைக்க முடியாது; ஆக, பெயரின்படி அவையும் ஒரு தளம் அமையாக் கோடுகள்தான். ஆனால் அவை ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றனவே! நாம் பெயர் தேடுவது இரண்டே கோடுகளுக்கு இடையிலான உறவுக்கு. கைவசம் இருக்கும் பெயரோ எத்தனை கோடுகளுக்கும் பொருந்துகிற ஓர் எதிர்மறை.

அதே பெட்டியில் மேல்பக்கத்தின் முன்விளிம்பைப் பிடியுங்கள். மீதி 11 விளிம்புகளில் 3 அதற்கு இணை, 4 அதன் முனைகளைத் தொடுகின்றன. மிச்சம் இருக்கிற 4 விளிம்புகளை எவ்வளவு நீட்டினாலும் அதை வெட்டா; இணையும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் பெட்டியைக் கொடுத்தால் தானே எண்ணிவிடும். எண்ணி முடித்ததும் "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்கும் பாருங்கள், அப்போது சட்டென்று சொல்ல ஒரு சொல் வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளில் சாய்கோடு வேண்டாம். சாய்வு என்றால் பிள்ளைகளுக்கு ஆயத்தொலை வடிவியலின் சாய்வுதான் நினைவுக்கு வரும். கோட்டம் என்ற சொல் புள்ளியியலில் (skewness என்பதற்கு) ஏற்கெனவே குடியேறிவிட்டது. விலகுகோடு காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே தளத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் இரு கதிர்களும் விலகத்தானே செய்கின்றன? இருதளக் கோடு இன்னும் மோசம். பெட்டியின் மேல்முன் விளிம்பு மேல்தளத்தில், கீழ்முன் விளிம்பு கீழ்த்தளத்தில். தளம் இரண்டுதான், கோடுகளோ இணை!

என் பரிந்துரை: தாண்டுகோடுகள். சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே ஒரு சாலை ஒரு திசையிலும் கீழே ஒரு சாலை வேறு திசையிலும் போகின்றன. ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன, எங்கும் சந்திப்பதில்லை. இணைகோடு போலவே இதுவும் வினைத்தொகை. (தயவுசெய்து யாரும் 'தாண்டுக்கோடு' என்று ஒற்றுப் போட்டுவிடாதீர்கள்.)

> தாண்டுவது என்றால் ஒன்று மேலே, மற்றது கீழே என்றாகிறது. கோடுகளுக்கு ஏது மேல், கீழ்?

நியாயமான கேள்வி அம்மா. பெட்டியைக் கவிழ்த்தால் மேலே இருந்தது கீழே போய்விடும். ஆனால் வரையறையின் சுமை முழுவதையும் பெயரே தாங்க வேண்டுமா? புள்ளி என்பது பகுதி இல்லாதது என்று பழைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் வரையறுத்துப் பார்த்தார். ஜெர்மானியக் கணிதர் ஹில்பர்ட் 1899இல் வடிவியலின் அடிப்படைகளை எழுதியபோது புள்ளி, கோடு, தளம் மூன்றையும் வரையறுக்காமலே விட்டார்; அவற்றுக்கு இடையில் என்னென்ன உறவு என்பதை மட்டும் அடிகோள்களாக (நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் கூற்றுகளாக) வைத்தார். மேசை, நாற்காலி, பீர்க் குவளை என்று பெயர் மாற்றினாலும் கணிதம் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். பெயர் நினைவில் நின்றால் போதும், துல்லியத்தை வரையறை பார்த்துக்கொள்ளும்.

கையேட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "ஒன்றையொன்று வெட்டாத, இணையும் அல்லாத இரு கோடுகள் தாண்டுகோடுகள் ஆகும். இவ்விரண்டுக்கும் செங்குத்தாக, இரண்டையும் வெட்டிச் செல்லும் கோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு; இவற்றுக்கு இடையிலான மிகக் குறைந்த தொலைவு அதன் வழியே அமைகிறது." எடுத்துக்காட்டும் பெட்டியிலேயே இருக்கிறது: மேல்முன் விளிம்புக்கும் கீழ்இடது விளிம்புக்கும் அந்தத் தொலைவு முன்இடது செங்குத்து விளிம்பேதான். அளவுகோலை வைத்துப் பிள்ளைகளே அளந்துகொள்ளலாம்.

மேல்நிலைக்குப் போகும்போது தடுமாறாமல் இருக்க, பழைய பெயரையும் முதல்முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே கொடுத்துவிடலாம். வேறு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அப்புறம் அச்சுக்குப் போய்விடும்.