மறு: சல்ஃபைடு ஒளிவினையூக்கி – ‘பலிப்பொருள்’ வேண்டாம், ‘துளைவாங்கி’?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஒளிபட்டு வினையைத் தூண்டும் ஒளிவினையூக்கி பற்றிய நம் கட்டுரை வரைவில், அதோடு சேர்க்கும் ‘sacrificial agent’ என்ற பொருளுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த பரிந்துரை இது:

> ‘பலிப்பொருள்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. தன்னை அழித்துக்கொண்டு வினையூக்கியைக் காப்பதுதானே அதன் வேலை?

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடுவைக்குள் நடப்பது வேறு.

காட்மியம் சல்ஃபைடு என்ற வினையூக்கியின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை மேலேற்றத் தேவையான ஆற்றல்) ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே 515 நானோமீட்டர் வரையிலான ஒளி அதற்குப் போதும். 3.2 தேவைப்படும் டைட்டானியம் டைஆக்சைடு புறஊதாவோடு நின்றுவிடும். ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேலேறி ஹைட்ரஜனைத் தந்துவிடுகிறது; கீழே மிஞ்சும் துளைதான் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) வம்பு. வெளியே ஆள் கிடைக்காவிட்டால் படிகத்தின் சல்ஃபைடையே அது ஆக்சிஜனேற்றும், காட்மியம் கரைசலில் இறங்கும். இதற்கு ‘ஒளியரிமானம்’ என்பதில் எனக்கு மறுப்பில்லை.

அதைத் தடுக்கத்தான் சோடியம் சல்ஃபைடையும் சோடியம் சல்ஃபைட்டையும் சேர்க்கிறார்கள். (தட்டச்சில் ஒரு ‘ட்’ விட்டுப்போனால் பொருளே மாறிவிடும், கவனம்.) சல்ஃபைடு துளையை வாங்கி டைசல்ஃபைடு ஆகிறது. அது கரைசலை மஞ்சளாக்கி ஒளியை மறைக்கும். சல்ஃபைட்டு அதனோடு வினைபுரிந்து தயோசல்ஃபேட்டாக மாறி, சல்ஃபைடைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்படியானால் பலியானது யார்? துளையை வாங்கியது ஒன்று, செலவானது இன்னொன்று.

அப்புறம், ஆக்சிஜன் வெளிவருவதைச் சோதிக்கும்போது வெள்ளி நைட்ரேட்டு சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் அதையும் இதே பெயரில்தான் அழைக்கிறார்கள். ஆனால் அது வாங்குவது எலக்ட்ரானை! ‘பலிப்பொருள்’ என்றால் நேரெதிரான இரண்டும் ஒரே பெயருக்குள் போய்விடும். துளைவாங்கி, எலக்ட்ரான்வாங்கி என்று பிரித்தால் குழப்பமில்லை. ‘ஒலிவாங்கி’ ஏற்கெனவே பழகிய அமைப்புதான்.

இன்னொன்று: துளைவாங்கி சேர்த்த வினையை ‘நீர்ப்பிளப்பு’ (நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது) என்று எழுத வேண்டாம். அங்கே ஆக்சிஜன் வருவதில்லை. ‘ஹைட்ரஜன் வெளியீடு’ போதும்.

தயாரிப்புப் பகுதியில் ‘நீர்வெப்ப முறை’ சரி. காட்மியம் அசிடேட்டையும் தயோயூரியாவையும் டெஃப்லான் உறையிட்ட மூடிய கலனில் சூடாக்குவதற்கு அதைவிட எளிய பெயர் கிடைக்காது.

-----

ஐயா, ‘வாங்கி’ கொஞ்சம் பேச்சுவழக்காக இருக்கிறதே. ‘துளையேற்பி’ என்றால் என்ன?

-----

> ‘துளையேற்பி’ என்றால் என்ன?

குறைக்கடத்திப் பாடத்தில் ‘ஏற்பி’ என்பது படிகத்துக்குள் சேர்க்கும் மாசு. அது எலக்ட்ரானை ஏற்றுத் துளையை உண்டாக்குகிறது. நமக்கு வேண்டியதோ, வெளியே கரைசலில் இருந்துகொண்டு துளையைத் தீர்க்கிற பொருள். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறிப்போவார். ‘வாங்கி’ பேச்சுவழக்காகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், அதுவரை வரைவில் ‘துளைவாங்கி’ என்றே போடுகிறேன்.