மறு: டக் பாயிண்டிங்குக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டக் பாயிண்டிங் (tuck pointing) என்பது செங்கற்களுக்கு நடுவே உள்ள சந்துகளைச் செங்கல் நிறக் கலவையால் மறைத்து, அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு இழுக்கும் பூச்சு வேலை. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டபோது ஒரு நண்பர் சொன்னது:

> ‘செருகுப்பூச்சு’ என்று வைத்துக்கொள்ளலாமே. டக் என்றால் செருகுதல்தானே?

ஐயா, செருகுவது கொத்தனார் கை செய்யும் வேலை. பார்ப்பவர் கண்ணுக்கு நடப்பது வேறு. அதைச் சொல்லாத சொல் எனக்கு ஒப்பவில்லை.

பிரிட்டன் பிரதமர் வசிக்கும் லண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டுப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புச் செங்கல், நடுவே நூல் பிடித்தாற்போல வெள்ளைக் கோடு. இரண்டுமே வேஷம். செங்கல் உண்மையில் மஞ்சள். ஊர்ப்புகை படிந்து படிந்து கறுத்தது. 1960-களின் தொடக்கத்தில் நடந்த பெரிய மராமத்தின்போது மஞ்சள் வெளியே வந்தது. பழகிய முகம் மாறிவிடக் கூடாதென்று கறுப்பு அடித்துவிட்டார்கள்! சந்துக்கோடுகளை மட்டும் வெள்ளையாகவே விட்டார்கள்.

அந்தக் கோடு வரும் விதத்தைப் பாருங்கள். செங்கல் முரடு, விளிம்பு உடைந்திருக்கும், சந்து ஓரிடத்தில் ஒடுங்கி ஓரிடத்தில் அகன்றிருக்கும். முதலில் செங்கல் நிறத்திலேயே கலவை குழைத்துச் சந்தைச் சுவர்முகம் வரை நிரப்புவார்கள். எது கல், எது கலவை என்று தெரியாது. அது இறுகுமுன் மட்டப்பலகை வைத்து மெல்லிய பள்ளம் கீறி, வெண்சுண்ணாம்புச் சாந்தை அதில் திணித்து, இரண்டு ஓரத்தையும் கத்தியால் சீவிவிடுவார்கள். நுனி வளைந்த அந்தக் கத்திக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘பிரெஞ்சுக்காரன்’. அதற்குத் தமிழ் தேடும் வம்பு எனக்கு வேண்டாம்.

ஏன் இத்தனை பாடு? மென்செங்கலை அறுத்து, கல்லில் தேய்த்து, ஓரிரு மில்லிமீட்டர் சந்தோடு அடுக்குவதுதான் அசல் உயர்ந்த வேலை. செலவு தாங்காது. அதனால் ஜன்னல் மேல்வளைவுக்கு மட்டும் அசலைச் செய்துவிட்டு, மீதிச் சுவருக்குக் கோடு இழுத்துவிடுவதுண்டு. 1680-களில் சர் ஜார்ஜ் டவுனிங் கட்டிய வீடுகளின் முகப்பிலேயே சந்துக்கோடுகளை வரைந்துதான் வைத்திருந்தார்கள். அஸ்திவாரமும் ஆழமில்லை. மனிதர் அப்படிப்பட்ட சிக்கனக்காரர்.

ஆகவே என் பரிந்துரை: ‘பொய்ச்சந்து’. பொய்க்கால் குதிரையிலும் பொய்ப்பல்லிலும் இருக்கும் அதே பொய்தான். வசை ஒன்றும் இல்லை.

> சந்து என்றால் தெருச்சந்துதான் ஞாபகம் வருகிறது.

வரட்டுமே. டவுனிங் கட்டியதும் ஒரு முட்டுச்சந்துதான். ‘பொய்யிணைப்பு’ என்றால் மோசடி லிங்க் என்பார்கள், ‘பொய்மூட்டு’ என்றால் முழங்கால் ஆபரேஷன் என்பார்கள். அதற்குச் சந்து தேவலை.

அமெரிக்கப் புத்தகங்களை மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசும் சாதாரண வேலையையும் டக் பாயிண்டிங் என்றே சொல்வதுண்டு. அந்த இடத்தில் பொய்ச்சந்து என்று போட்டால் தப்பாகிவிடும், ‘சந்துப்பூச்சு’ போதும்.

வினைச்சொல்லாக ‘பொய்ச்சந்து இழுத்தல்’ சரியாக வரும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.