தட்டோட்டின்மேல் வந்து உட்காரும் பறவை எது?

கேள்வி (கானாடுகாத்தான்வாசி):
எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுத் தட்டோட்டின்மேல் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பறவை வந்து உட்காருகிறது. புறா அளவுதான். சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புக் குறுக்குவரிகள், சிவந்த கண். நேற்று முற்றத்தில் காய்ந்த வடகத்தைக் கொறிக்க வந்த அணிலை, நான் காபியைக் கீழே வைப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்பத்தா கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்; வடகம் பிழைத்த மகிழ்ச்சி வேறு. என் 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் வானம் வெளுத்து, பறவை கரிக்கட்டையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில் 1 (கண்மாய்க்கரை):
தம்பி, அது வல்லூறு. கருடன் என்பது செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, உடல் செங்காவி. அக்கக்கா குயிலும் ஏறக்குறைய வல்லூறு வேடத்தில்தான் திரியும், நானே இருமுறை ஏமாந்திருக்கிறேன். அலகைப் பாருங்கள்: வல்லூறுக்குக் கொக்கிபோல் வளைந்திருக்கும். கீச்சுக்குரலை மட்டும் நம்ப வேண்டாம், கரிச்சான் (இரட்டைவால் குருவி) அதை அப்படியே பழித்துக் காட்டும்.

பதில் 2 (பழைய லென்ஸ்):
காலையில் கிழக்கு உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வானம் பின்னணியானால் எக்ஸ்போஷரை (ஒளியளவை) ஒரு ஸ்டாப், அதாவது +1, கூட்டுங்கள். பாய்வதைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி. கோடையில் கூடு கட்டும். கூட்டருகே மட்டும் போகாதீர்கள்.

கானாடுகாத்தான்வாசி:
நன்றி அண்ணே. அலகு வளைவுதான். அப்பத்தாவிடம் சொன்னேன், "வல்லூறானால் என்ன, நாளைக்கும் வருமா?" என்கிறார்.