உதரவிதானக் குடலிறக்கமா, பிதுக்கமா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். அவசரப் பிரிவுச் செவிலியர் கையேட்டின் நெஞ்சுவலி இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உள்ள ஓட்டை வழியாக வயிற்று உறுப்புகள் மார்புக்குள் புகுந்துவிடும் நோயில் வந்து நிற்கிறேன். 'உதரவிதானக் குடலிறக்கம்' பொருந்துமா?

மருத்துவர்:
பொருந்தாது. இங்கே எதுவும் இறங்கவில்லை, ஏறுகிறது. பல நேரம் ஏறுவது குடல்கூட அன்று, இரைப்பை. அது முறுக்கிக்கொண்டால் நெஞ்சின் அடியில் கடும் வலி வரும். ஓங்கரிக்கும், வாந்தி வராது. மூக்கு வழியே விடும் குழாயும் இரைப்பைக்குள் போகாது. மாரடைப்பு என்று நினைத்து நேரத்தை இழப்பவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் மார்புக்குள் தெரியும் காற்றைக் கண்டு, நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்ததென்று மார்பில் குழாய் செருகினால் இரைப்பையே கிழியும். 'உதரவிதானப் பிதுக்கம்' என்று போடுங்கள்.

செவிலியர் பயிற்றுநர்:
வகுப்பில் எல்லாரும் 'ஹெர்னியா' என்றுதான் சொல்கிறார்கள். அதையே வைத்தால் என்ன? உயிர் போகும் நேரத்தில் அகராதி புரட்ட முடியாது.

தமிழாசிரியர்:
ஹெர்னியா என்றதும் அடிவயிற்று வீக்கம்தானே நினைவுக்கு வருகிறது? பிதுக்கம் நல்ல சொல். பிதுக்கு என்ற பிறவினையிலிருந்து வந்ததென்று ஐயுற வேண்டாம். கலங்கு, கலக்கம், மயங்கு, மயக்கம், அவ்வாறே பிதுங்கு, பிதுக்கம். ஆனால் உதரம், விதானம் இரண்டுமே வடசொல். உதரவிதானத்துக்கு இலங்கையில் வழங்கும் 'பிரிமென்றகடு' இருக்கிறதே! தென் + திசை தென்றிசை ஆவதுபோல மென் + தகடு மென்றகடு. பிரி என்பது வினைத்தொகை. 'பிரிமென்றகட்டுப் பிதுக்கம்': மோனையும் அமைகிறது.

மருத்துவர்:
ஐயா, அது தகடன்று, தசை. மூச்சை இழுக்கும்போது சுருங்கித் தாழ்கிறது.

தமிழாசிரியர்:
விதானம் என்பதும் மேலே கட்டும் துணிதான். அதை ஏற்றுக்கொண்ட நாம் தகட்டை ஏன் தள்ள வேண்டும்?

செவிலியர் பயிற்றுநர்:
மென்றகடு என்றால் எதையோ மென்றதாக மாணவிகள் படிப்பார்கள். பள்ளியில் படித்த உதரவிதானமே இருக்கட்டும். பிதுக்கத்துக்கு நான் உடன்படுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. 'உதரவிதானப் பிதுக்கம்' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'வயிற்று உறுப்பு மார்புக்குள் ஏறுதல்' என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். பிரிமென்றகட்டை நான் கைவிடவில்லை. சொல்லடைவிலாவது அதற்கு இடம் கொடுங்கள்.