அலமாரிக்குள் நுழைந்து காட்டுக்குள் வெளிவரும் காட்சி: கிராஃபிக்ஸ் இல்லாமல் எப்படி எடுப்பது?

நிழல்வெளி:
வணக்கம் நண்பர்களே. 15 நிமிடக் குறும்படம். 7 வயதுப் பாப்பாவும் 10 வயது அண்ணனும் பாட்டி வீட்டில் கண்ணாமூச்சி ஆடும்போது அலமாரிக்குள் ஒளிகிறார்கள். பின்பக்கம் ஒரு காடு திறக்கிறது. கையில் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, 24-70 லென்ஸ், 200 வாட் எல்இடி இரண்டு, ஒரு புகை இயந்திரம். கிராஃபிக்ஸுக்குப் பணம் இல்லை.

சோதனைக்கு எடுத்ததில் மூன்று சிக்கல்கள். வீட்டிலிருந்து காட்டுக்கு மாறும் வெட்டு பளிச்சென்று தெரிகிறது. காட்டைப் பார்த்ததும் பாப்பா காட்டும் ஆச்சரியம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. புகை திறந்தவெளியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லென்ஸ்கண்:
வெட்டு தெரியுதுன்னா பெரும்பாலும் கேமரா உயரம், லென்ஸ், குழந்தை நகரும் திசை, இந்த மூணுல ஒண்ணு மாறியிருக்கும். 7 வயசுக் குழந்தையோட கண்மட்டம் ஏறக்குறைய 110 செ.மீ. ரெண்டு இடத்திலயும் கேமரா அந்த உயரத்திலயே இருக்கட்டும். 35 மி.மீ.யில உள்ளே போனா 35லயே வெளியே வாங்க.

நிஜ அலமாரியை முகப்புக்கு மட்டும் வச்சுக்குங்க. அதோட ஆழம் ரெண்டு அடிதான், நாலு எட்டு வைக்க இடமிருக்காது. உள்ளே நடக்கிறதுக்குத் தனியா ஒண்ணு கட்டணும்: 2க்கு 2 அங்குல ரீப்பர் (மெல்லிய மரக்கட்டை) சட்டம், 6 மி.மீ. பிளைவுட், அகலம் 4 அடி, உயரம் ஆறரை, ஆழம் 8. ஒரு பக்கப் பலகையை மட்டும் திருகுல மாட்டி, கழட்டுற மாதிரி வையுங்க, கேமரா அங்கேதான் நிக்கும். உட்புறம் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டுங்க. கறுப்பு பெயிண்ட் அடிச்சா விளக்கு பட்டு மினுங்கி, பிளைவுட்டுன்னு காட்டிக் கொடுத்துரும்.

துணி தொங்குற கம்பி ரெண்டு, ஐந்தரை அடி உயரத்துல. ஒரு கம்பிக்கு இருபது உருப்படியாவது வேணும். வெறும் சட்டையா மாட்டினா கீழே மூணு அடி காலியா கிடக்கும், அந்தப் பக்கத்து வெளிச்சம் அது வழியா முன்கூட்டியே தெரிஞ்சுரும். கம்பளிச் சால்வை, நீளமான பழைய கோட்டு, அடர்நிறக் காட்டன் புடவை இதெல்லாம் சரியா வரும். பட்டு வேண்டாம். ஜரிகை மின்னும், சரசரப்பு மைக்ல வசனத்தை முழுங்கிரும்.

முதல் ஷாட் முடியும்போது ஒரு சால்வை லென்ஸை முழுசா மூடணும், கறுப்பு 6லேர்ந்து 8 ஃப்ரேம். அடுத்த ஷாட் அதே சால்வை விலகுறதுல ஆரம்பிக்கணும். இடமிருந்து வலமா மூடின துணி, அதே பக்கமா நகர்ந்துதான் விலகணும். வேகமும் ஒண்ணா இருக்கணும். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ், கேமரா எந்த நிற வெளிச்சத்தை வெள்ளையா எடுத்துக்கணும்ங்கிற அமைப்பு) ஆட்டோவுல விடாம 4300 கெல்வின்ல பூட்டுங்க. வீட்டுக்குள்ள 3200 விளக்கு மஞ்சளாவும், காட்டுப் பக்கம் பகல் வெளிச்சம் லேசா நீலம் ஓடியும் தானா விழும். வினாடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/60 வச்சா வீட்டு டியூப்லைட் துடிக்கும்.

ஒண்ணு முக்கியம்: நிஜ அலமாரியில கொண்டி, பூட்டு எல்லாத்தையும் கழட்டிருங்க. கட்டின அலமாரியோட பின்பக்கம் எப்பவும் திறந்தே இருக்கட்டும், அங்கே பெரியவங்க ஒருத்தர் நிக்கணும்.

பழையரீல்:
லென்ஸ்கண் சொன்ன, சால்வையால் லென்ஸை மூடி வெட்டும் மறைவெட்டு நம்பகமான வழி. ஆனால் நேரமும் பொறுமையும் இருந்தால், வெட்டே இல்லாமலும் எடுக்கலாம். 1939இல் வந்த ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் டோரத்தி கதவைத் திறக்கிற ஷாட்டைப் பாருங்கள். பழுப்பாக இருக்கும் வீடும் வெளியே தெரியும் வண்ண உலகமும் ஒரே டெக்னிகலர் (அக்கால வண்ணப் பட முறை) ஷாட். வீட்டின் உட்புறத்துக்கே பழுப்பு வண்ணம் அடித்தார்கள். ஜூடி கார்லண்டுக்குப் பதிலாக பாபி கோஷே என்ற மாற்று நடிகை பழுப்பு உடையில், முதுகு மட்டும் தெரிய, கதவைத் திறக்கிறார். கேமரா வாசலை நோக்கி நகரும்போது அவர் சட்டகத்தை விட்டு விலக, நீல உடையில் ஜூடி உள்ளே வருகிறார். அவ்வளவுதான் வித்தை.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, கதவுக்கு இந்தப் பக்கம் நிறத்தைப் பட்டினி போடுவது. பாட்டி வீட்டு அறையில் பச்சை ஒரு துளிகூட இருக்கக் கூடாது. திரைச்சீலை, பாய், பிளாஸ்டிக் வாளி, காலண்டர் எல்லாவற்றையும் பழுப்பு, சாம்பல், வெளிர்மஞ்சளுக்குள் அடக்குங்கள். அந்த அறையில் குறைந்தது ஒரு நிமிடக் கதை நடந்த பிறகு பச்சை தெரிந்தால், சாதாரண வாழைத்தோப்பே வேறு உலகமாகத் தெரியும்.

ஒரே ஷாட்டில் பெரிய தொல்லை ஒளி அளவு. உச்சி வெயிலுக்கும் அறைக்கும் ஏழெட்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) வித்தியாசம் வரும். வெளியே வெள்ளையாக எரிந்துபோகும், இல்லையென்றால் உள்ளே இருட்டு. மர நிழலில், காலை வெளிச்சத்தில் எடுங்கள். உள்ளே உங்கள் இரண்டு எல்இடியையும் வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும்படி வைத்து அறையின் வெளிச்சத்தைத் தூக்குங்கள். வித்தியாசம் இரண்டு ஸ்டாப்புக்குள் வந்தால் போதும். மீதியை மாறும் என்டி ஃபில்டரை (திருப்பத் திருப்ப ஒளியைக் கூட்டிக் குறைக்கும் லென்ஸ் கண்ணாடி) நடக்கும்போதே திருப்பிச் சரிக்கட்டலாம். அதற்குப் பதில் அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) திருகினால் பின்னணியின் மங்கல் மாறி, பார்ப்பவருக்கு உறுத்தும்.

துணைஇயக்கம்:
ஆச்சரியம் பற்றி. 2005இல் வந்த நார்னியா முதல் படத்தில் லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லியைக் கண்ணைக் கட்டித்தான் பனிக்காட்டு செட்டுக்குள் கொண்டுவந்தார்கள். படத்தில் நாம் பார்ப்பது அந்தக் குழந்தை செட்டை முதன்முதலில் பார்த்த முகம். இயக்குநர் ஆண்ட்ரூ ஆடம்சன் செய்த இன்னொன்றையும் கவனியுங்கள்: அலமாரிக்குள் தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே லூசி பின்னோக்கி நடக்கிறாள். கையில் மரக்கிளை குத்திய பிறகுதான் திரும்புகிறாள். முகம் நம்மைப் பார்த்தபடியே இருப்பதால், காட்டை அவளுக்கும் நமக்கும் கடைசி நொடி வரை மறைத்து வைக்க முடிகிறது.

இதைச் செய்ய முடிவெடுத்தால், பாப்பாவைக் காட்டுப் பக்கம் ஒருமுறைகூட விடாதீர்கள். ஒத்திகைக்கு அதே உயரமுள்ள வேறொருவர். கிடைப்பது ஒரே டேக், அதனால் அபர்ச்சர் எஃப் 5.6 அல்லது அதைவிடப் பெரிய எண் (முன்னும் பின்னும் தெளிவாக விழும்), ஃபோகஸைத் தரையில் டேப் ஒட்டிய இடத்தில் பூட்டிவிடுங்கள். அண்ணன் முகத்துக்கு இரண்டாவது கேமரா கட்டாயம். தனியாகப் பிறகு எடுத்தால் அவன் தங்கை செய்ததையே செய்து காட்டுவான். நல்ல கைபேசி போதும், அதே 24 ஃப்ரேம், 1/50இல் பூட்டி வையுங்கள். “உள்ளே அழகான ஒன்று இருக்கிறது” என்று இருவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள், கண்கட்டுக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள். பயந்த குழந்தையின் முகத்தில் பயம்தான் பதிவாகும். திரும்பிய பிறகு “ஆ”, “ஐயோ” என்று வசனம் எழுதாதீர்கள். பத்து வினாடி பேச்சே வேண்டாம்.

7 வயது என்பதால் இன்னொன்று: முன்பல் விழுகிற பருவம். அலமாரிக்கு முன், பின் காட்சிகளை ஒரே வாரத்தில் முடியுங்கள்.

அனுமதியையும் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2017 திருத்த விதிகளின்படி, 14 வயதுக்குட்பட்டவர்களை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். நாளுக்கு 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் தொடர்ச்சியாக 3 மணிக்கு மேல் கூடாது. அதிகபட்சம் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளம் கொடுத்தால் அதில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும்.

நிழல்வெளி:
மிக்க நன்றி. பின்னோக்கி நடக்கும் யோசனையையே வைத்துக்கொள்கிறோம். புகை மட்டும் பாக்கி. புகைக்குப் பதிலாகத் தெர்மாகோல் உருண்டையைப் பனி மாதிரித் தூவலாமா? மர அலமாரி கிடைக்காவிட்டால் இரும்பு பீரோ ஓடுமா?

ஒலித்தடம்:
தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். காத்துல பறந்து குழந்தைங்க கண்ணுல விழும், மண்ணுல மக்காது, பொறுக்கி முடிக்கவும் முடியாது. உப்பு தூவினா செடி கருகும். பஞ்சு விளக்கு பக்கத்துல தீப்பிடிக்கும். கதையில பனி கட்டாயமில்லன்னா காய்ஞ்ச இலையும் புகையுமே போதும்.

புகை நிக்காததுக்குக் காரணம் காத்து. காலையில 6லேர்ந்து ஏழரைக்குள்ள எடுங்க, வெயில் ஏறினதும் காத்து கிளம்பிரும். 20 அடி பாலித்தீன் குழாய் வாங்கி, அடிக்கு ஒரு துளை போட்டு, கடைசி முனையைக் கட்டிருங்க. காத்து வர்ற பக்கமா தரையில போட்டு இந்த முனையை இயந்திரத்தோட வாய்க்கு நேரா வையுங்க. ஒட்டி வைக்காதீங்க, சூட்டுல உருகிரும், ஒரு சாண் இடைவெளி வேணும். அந்த இடைவெளியில சின்ன ஃபேன் ஒண்ணு தள்ளிவிடட்டும். அப்பதான் புகை ஒரே இடத்துல குபுகுபுன்னு வராம நீளத்துக்கும் பரவும். வெளிச்சம் புகைக்குப் பின்னாடியிலேர்ந்து வரணும், முன்னாடியிலேர்ந்து அடிச்சா புகை இருக்கிறதே தெரியாது. இயந்திரத்துல தண்ணியில கலந்த கிளைக்கால் திரவம் (புகை இயந்திரத்துக்குன்னு விக்கிற திரவம்) மட்டும் ஊத்துங்க. யாருக்காவது வீசிங் இருந்தா புகையையே விட்டுருங்க.

ஒலியையும் இப்பவே யோசிங்க. அலமாரிக்குள்ள நாலு பக்கமும் துணி இருக்கிறதால குரல் எதிரொலி இல்லாம அமுங்கி வரும், அதை அப்படியே வையுங்க, எடிட்ல எதிரொலி சேர்க்காதீங்க. காட்டோட சுற்றொலியை ஒரு நிமிஷமும், அறையோட வெறும் அமைதியை ஒரு நிமிஷமும் தனியா பதிவு பண்ணுங்க. பாப்பா திரும்புறதுக்கு ஒரு வினாடி முன்னாடியே காட்டு ஒலி மெல்ல உள்ளே வரட்டும். காலடியும் மாறணும்: பலகைச் சத்தம் ரெண்டு எட்டு, அப்புறம் சருகு.

இரும்பு பீரோ ஓடும், ஆனா உள்தட்டுங்களைக் கழட்டினா தகடு தளர்ந்து ஒவ்வொரு அசைவுக்கும் டமடமன்னு அதிரும். பின்தகட்டுக்கு வெளிப்பக்கம் பழைய மெத்தையைச் சாய்ச்சுக் கட்டுங்க. கதவு திறக்கிற கிறீச் சத்தத்தை மட்டும் கேமரா ஓடாதப்போ பக்கத்துல மைக் வச்சுத் தனியா எடுத்துக்குங்க. கண்ணாடி பதிச்ச பீரோன்னா, 110 செ.மீ. உயரத்துல கேமராவே அதுல தெரியும். கதவை முழுசா திறந்து வச்சபிறகு ஷாட்டை ஆரம்பிங்க.